சுருளிப்பட்டியில் நான் பிடுங்கச் சொன்ன வெள்ளரி

நாற்பத்தோரு வருடங்களுக்கு முன்பு சுருளிப்பட்டியில் ஒரு நல்ல பயிரைப் பார்த்து, இது நோய் விழுந்த பயிர் என்று சொல்லி வேரோடு பிடுங்க வைத்தேன். நான் சொன்னது தவறு என்று பன்னிரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் இரண்டு மாதம் கம்பம் பக்கம்தான் வேலை பார்த்தேன். சுருளிப்பட்டிக்கு மட்டும் போகவில்லை. மாறுதல் உத்தரவு வந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. தோட்டங்களைப் பார்வையிட்டு யோசனை சொல்வது என் வேலை. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். எங்கள் ஊரில் வெள்ளரிக்காய் என்றால் பச்சையாக இருக்கும். பிஞ்சாகப் பறித்து, கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்போம். முற்றி மஞ்சளானால் விதைக்கு விடுவோம், இல்லாவிட்டால் மாட்டுக்குப் போடுவோம். கல்லூரியில் படித்ததும் இதே காய்தான். சுருளிப்பட்டியில் ஒரு பெரியவர் என்னை அழைத்துப்போய்க் காட்டிய அரை ஏக்கரில் எல்லாக் காயும் ஒரே சமயத்தில் மஞ்சளாகிக் கிடந்தன. அடியிலைகள் காய்ந்திருந்தன. விதை வழியே வந்த வைரஸ் நோய், பக்கத்துக் காட்டுக்கும் பரவும் என்றேன்.

"விதை எங்கே வாங்கினது?"

பெரியவரின் மருமகள் வரப்பில் நின்றிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண். குமுளிக்கு மேலே பிறந்தவள். அப்பா உத்தமபாளையத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர், அம்மா மலையாளத்துக்காரர்.

"எங்கம்மா குடுத்துவிட்டாக சார். இது இப்படித்தான் பழுக்கும். ஒண்ணை அறுத்துக் குழம்பு வச்சுக் காட்டட்டுமா? செத்த நேரந்தான் ஆகும்."

எனக்கு நேரமாகிறது என்றேன். பெரியவரிடம் திரும்பி, "அங்கேயிருந்து இனிமேல் எதையும் உள்ளே விடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

பன்னிரண்டாம் நாள் மிளகு வாங்கக் குமுளிக்குப் போனேன். மறுநாள் விஷு, மலையாள வருடப் பிறப்பு. கடைக்குக் கடை வாசலில் அதே மஞ்சள் காய் குவிந்திருந்தது. விஷுவன்று கண் விழித்ததும் பார்ப்பதற்காக உருளிப் பாத்திரத்தில் வைக்கும் கணி வெள்ளரி அது என்று கடைக்காரர் சொன்னார். பழுத்தால்தான் அதற்கு மதிப்பு. உறியில் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. அறைக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். பெயர்தான் வெள்ளரி, இனம் முலாம்பழத்தைச் சேர்ந்தது. நம் வெள்ளரிப் பிஞ்சில் சின்ன முட்கள் இருக்கும், இதன் பிஞ்சில் பூனைமயிர் போல இருக்கும். ஒரு பிஞ்சைக் கையில் எடுத்துத் தடவியிருந்தால் போதும். நான் குனியவே இல்லை.

இந்தப் பங்குனியில் பெரியகுளத்தில் என் பழைய சிநேகிதர் ஒருவர் காலமானார். இந்த விஷயத்தை நான் சொல்லியிருந்தது அவர் ஒருவரிடம்தான். "போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாய்யா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். துக்கம் விசாரிக்கக் கிளம்பும்போது பையில் மூன்று நாளைக்கான துணி எடுத்து வைத்தேன்.

மதுரையிலிருந்து தேனிக்கு இப்போது நல்ல ரயில் இருக்கிறது. எதிரே ஆண்டிபட்டி நூற்பாலையில் மெக்கானிக்காக இருக்கும் பீகார் இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை நிறையக் கோவைக்காய். பக்கத்திலிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"கோவக்கா வறுக்கவாப்பா?"

"இல்லம்மா, இது எங்க ஊர் பர்வல்" என்று அவர் உடைந்த தமிழில் ஆரம்பித்து, பாதியில் சிரித்துவிட்டார். பிறகு இந்தியும் தமிழுமாகச் சொன்னார். கோவைக்காய் மாதிரியே இருக்கும் பர்வல் என்ற வடக்கத்திக் காய் என்றே நினைத்து மூன்று மாதமாக இதை வாங்கிச் சமைத்தாராம். ருசி வேறாக இருந்ததற்குத் தமிழ்நாட்டுத் தண்ணீர் காரணம் என்று நினைத்தாராம். ஒருநாள் அம்மா வீடியோவில் அழைத்தபோது சட்டியைக் காட்டியிருக்கிறார். "அடேய், என்னத்தைத் தின்கிறாய், அது வேறு கொடி" என்று அம்மா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாராம்.

"பெறகும் அதையே வாங்குறியே?"

"இப்ப இதான் பிடிக்குது. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

அந்த அம்மாள் ஆண்டிபட்டி வரை சிரித்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன். தப்பான காயை வாங்கியவரே தின்று தீர்த்த கதை என்பதால் சிரிக்க முடிந்தது.

பெரியகுளத்தில் சாயங்காலம் வரை இருந்தேன். சிநேகிதரின் மகன் தோட்டத்து மாங்காயில் போட்ட தொக்கை ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்பினார். இரவு தேனியில் தங்கினேன். காலையில் ஒரு மெஸ்ஸில் இட்லிக்குத் தண்ணீர் மாதிரி சாம்பாரும் நெருப்பு மாதிரி சட்னியும் கிடைத்தன. எங்கள் ஊர் சாம்பார் கெட்டியாக இருக்கும், சட்னி பெயருக்குத்தான் உறைக்கும். நான் திணறுவதைப் பார்த்த பரிமாறுபவர், "சாருக்கு எந்த ஊரு? மோர் தரவா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஊற்றினார்.

கம்பம் காய்கறிச் சந்தையில் மஞ்சள் வெள்ளரி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. இப்போது பள்ளத்தாக்கிலேயே நிறையப் பேர் போடுகிறார்களாம்.

"உள்ளூர்ல வாங்குவாங்களா?" என்று ஒரு வியாபாரியிடம் கேட்டேன்.

"எங்கன வாங்குறாக? 'பழுத்துப்போனதை எதுக்குய்யா விக்கிறே'ம்பாக. எல்லாம் மலைக்குப் போற சரக்கு. நான் எட்டு வருசமா விக்கிறேன், எங்க வீட்ல ஒருநா வைக்கல." வியாபாரி அதைப் பெருமையாகச் சொன்னார்.

சுருளிப்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போனேன். அருவிக்குப் போகும் கூட்டம் பாதி பஸ்ஸை அடைத்திருந்தது. முன்பு தக்காளியும் வெள்ளரியும் கிடந்த நிலமெல்லாம் திராட்சைப் பந்தலாகிவிட்டதால் இடம் அடையாளம் தெரியாமல், ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன். டீக்கடையில் அந்தப் பெரியவரின் மகன் வேலுச்சாமியின் வீடு எது என்று கேட்டேன்.

"எந்த வேலுச்சாமி? பம்ப்செட்டா, தெத்துப்பல்லா?"

"மலையாளத்தில் பெண் எடுத்தவர்."

"அப்படிச் சொல்லுங்க. மொட்டக்கெணத்துக்காரரு. நேரா போயி வாட்டர் டேங்குல திரும்புங்க. அந்தம்மா இருக்கும். அவரு இருந்தாலும் இல்லாத மாதிரிதான், பேச மாட்டாரு."

அன்று வரப்பில் நின்ற மருமகள், இப்போது சரோஜினி அம்மாள், வீட்டு முன்னால் திராட்சைக் கொத்துகளில் அடிபட்ட பழங்களைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். நான் பெயரைச் சொல்வதற்குள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெள்ளரிக்கா சாரா?"

"ஆமாம்மா."

"அப்ப தலையில முடி இருந்துச்சு." கத்தரியைக் கீழே வைத்தார். "உக்காருங்க."

நாற்பத்தோரு வருடமாகத் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். பயிர் நல்ல பயிர், விதை நல்ல விதை, தவறு என்னுடையது, அது தெரிந்தும் மறைத்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீக? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. அறுத்துக் குழம்பு வச்சுக் காட்டுறேன்னு சொன்னேனே."

அரை ஏக்கர் பயிர் போனதற்குத்தான் நான் வருந்தி வந்திருந்தேன். போனது அது மட்டுமல்ல என்று அதன் பிறகுதான் தெரிந்தது.

"'அங்கருந்து எதையும் உள்ள விடாதீக'ன்னு சொல்லிட்டுப் போனீக. எங்க மாமனாரு அதை அப்படியே பிடிச்சுக்கிட்டாரு. வெதைய மட்டுமில்ல, எங்கம்மாவையும் விடல. கெட்ட வெதை குடுத்து எங் குடியக் கெடுக்கப் பாத்தவன்னு சொல்லிட்டாரு. மூத்தவ பொறந்தப்ப கப்பக்கிழங்கும் பலாச்சுளையுமா கூடையத் தூக்கிட்டு வந்தாக. வாசலோட அனுப்பிட்டாரு. நான் உள்ள பச்ச ஒடம்புக்காரி, எந்திரிச்சு வர முடியல. நாலாம் வருசம் அம்மா செத்துப் போனாக. எழவுக்குப் போனேன். எங்கண்ணன் மொகம் குடுத்துப் பேசல. நான்தான் அம்மாவ வேண்டாம்னு சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டிருக்காக."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"எங்கண்ணன்கிட்ட வந்து சொல்லுங்க. என் வாயால சொன்னா நம்ப மாட்டாக. சொன்னவரே வந்து சொல்லணும்."

அந்த நேரத்தில் தோட்டத்திலிருந்து வேலுச்சாமி வந்தார். எழுபது வயது, ஒல்லியான ஆள். என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். மனைவி விஷயத்தைச் சொல்லச் சொல்லத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குக் காலையில குமுளிக்குப் போறோம். நீங்களும் வரணும்" என்றார் சரோஜினி அம்மாள்.

"தண்ணி பாய்ச்சணும்."

"நாப்பது வருசமா பாய்ச்சுனது போதும். வாங்க."

மறுநாள் கூடலூரில் ஒரு ஜீப் பிடித்தோம். ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ஏற்கெனவே பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சரோஜினி அம்மாளை முன் இருக்கையில் ஏற்றிவிட்டு நாங்கள் இருவரும் அவர்களோடு நெருங்கினோம். "பெருசு, காலை மடக்குங்க, இது ஒங்க வீட்டுக் கட்டிலா?" என்று ஒருத்தி வேலுச்சாமியை அதட்டினாள். இன்னொருத்தி, "ஏத்தா, அவரு காலே முருங்கக்கா மாதிரிதான் இருக்கு, அதைப் போயி மடக்கச் சொல்றே" என்றாள். வேலுச்சாமி நிஜமாகவே மடக்கிக்கொண்டார்.

லோயர் கேம்ப் தாண்டி மூன்றாவது வளைவில் இன்ஜின் சூடேறிப் புகை வந்தது. எல்லோரும் இறங்கினோம். டிரைவர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் வீட்டுக்கென்று நான் வாங்கி வைத்திருந்த திராட்சைப் பையை ஒரு குரங்கு இறங்கி வந்து பிடுங்கிக்கொண்டு போனது. பெண்கள் அதைத் துரத்தினார்கள். சரோஜினி அம்மாள் மட்டும் முழங்கால் வலியால் ஜீப்பிலேயே இருந்தார். நானும் வேலுச்சாமியும் ஜீப்பை ஒட்டியிருந்த கட்டைச் சுவரில் உட்கார்ந்தோம்.

அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கும் தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"அது நல்ல வெதைன்னு. மறு வருசம் தக்காளி ஏத்திக்கிட்டுக் குமுளிக்கு வந்தேன். விசுவுக்கு மொத நா. கடை கடையா அதான் வச்சிருந்தாக. ஒண்ணைத் தூக்கிப் பாத்தேன். நாங்க பிடுங்கிப் போட்ட அதே காய்."

"வீட்டில் சொல்லவில்லையா?"

"எங்கய்யா இருந்தாரு. அவரு சொன்னதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது? அவரும் போனப்புறம் சொல்லலாம்னு பாத்தேன். அப்ப சொன்னா, அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு கேப்பா."

எங்களுக்குப் பின்னால், ஜீப்பின் முன் இருக்கையிலிருந்து குரல் வந்தது. சத்தமாக இல்லை.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

வேலுச்சாமி திரும்பவில்லை. நான் என் பாவத்தை இறக்கி வைக்க வந்து, நாற்பது வருடக் குடும்பத்தின் நடுவில் கல்லைப் போட்டுவிட்டேன் என்று தோன்றியது. டிரைவர் ஏறச் சொன்னார். அந்தப் பெண்கள் இந்த முறை வேலுச்சாமிக்குக் கால் நீட்ட இடம் விட்டார்கள். ஏதோ நடந்திருக்கிறது என்று அவர்களுக்கும் புரிந்திருக்கும்.

அண்ணன் சுகுமாரனின் வீடு குமுளியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஏலக்காடுகளுக்கு நடுவில் இருந்தது. முற்றத்தில் பாய் விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. சுகுமாரன் தங்கையைப் பார்த்தார், அவர் கணவரைப் பார்த்தார், உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். விதையில் குறையில்லை, உங்கள் அம்மாவிடம் குறையில்லை, எதையும் உள்ளே விடாதே என்று சொன்னது நான், உங்கள் தங்கை அதற்குப் பொறுப்பில்லை.

சுகுமாரன் என்னிடம் மலையாளத்தில் பேசினார். எனக்குப் புரியும் அளவுக்கு நிதானமாகத்தான் பேசினார்.

"இதைச் சொல்ல நாற்பத்தோரு வருடம் வேண்டியிருந்ததா உங்களுக்கு?"

நான் தலையாட்டினேன்.

"அம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு படித்த ஆபீசர் பார்த்து நோய் விதை என்று சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டதும், உறியில் தொங்கின காயையெல்லாம் எடுத்து அடுப்பில் போட்டாள். டப்பாவில் இருந்த விதையையும் போட்டாள். அவளுடைய அம்மாவிடமிருந்து வந்த விதை. 'என் கையாலேயே மகளுக்குக் கெடுதல் கொடுத்துவிட்டேன்' என்று சொல்லிச் சொல்லி அழுதாள். உங்கள் பேச்சை அவள் நம்பினாள் சார். சாகும் வரை நம்பினாள்."

சரோஜினி அம்மாளுக்கும் இது புதிய செய்தி. அவர் மிளகுப் பாயின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுகுமாரன் ஓர் அடி எடுத்து வைத்து நின்றார். பிறகு தமிழில், "நீ எதாச்சும் சாப்பிட்டியா?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் சரோஜினி அம்மாள் அழ ஆரம்பித்தார்.

சாப்பாடு போட்டார்கள். குண்டரிசிச் சோறு, மாங்காய்ச் சம்மந்தி என்கிற துவையல், வெள்ளரிக்காயைத் தோலோடு துண்டம் போட்டுத் தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்து மோர் விட்ட கூட்டான். வெந்த துண்டம் கண்ணாடி மாதிரி இருந்தது. மெல்லிய புளிப்பு, பிறகு ஒரு குளிர்ச்சி. நாற்பத்தோரு வருடத்துக்கு முன்பு வரப்பில் நின்ற பெண் எனக்குச் சமைத்துக் காட்டுகிறேன் என்றது இதைத்தான். வேலுச்சாமி இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு அள்ளிச் சாப்பிட்டார். மறுபடி கேட்டு வாங்கினார்.

கை கழுவியதும் சுகுமாரன் என்னை அழைத்தார். "என்கிட்ட சொன்னது போதாது. அம்மாவிடம் சொல்லுங்கள்."

வீட்டின் தெற்கே அம்மாவை எரித்த இடத்தில் ஒரு தென்னை வளர்ந்திருந்தது. அதனடியில் செங்கல் வைத்துக் கட்டிய சிறு மேடை. எனக்குச் சாங்கியங்களில் பெரிய நம்பிக்கை கிடையாது. செத்தவரிடம் பேசுவது எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன். அம்மா, உங்கள் விதை நல்ல விதை, நான்தான் குனிந்து பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

எனக்குப் பின்னால் வேலுச்சாமி வந்து நின்றிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் விழுந்து கும்பிட்டார். "அத்தே, எனக்குத் தெரியும். தெரிஞ்சே ஒங்களைக் கூப்புடாம இருந்துட்டேன்" என்றார். சரோஜினி அம்மாள் பின்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அருகே வரவில்லை.

மூன்று மணிக்கு நாங்கள் கிளம்பினோம். சரோஜினி அம்மாள் கிளம்பவில்லை.

"பத்து நா இங்கன இருந்துட்டு வாறேன்" என்றார், கணவரைப் பார்க்காமல். "விசு முடியட்டும்."

"விசுவுக்கு மறுநா வந்து கூட்டிட்டுப் போகவா?"

"வாங்க. வந்தப்புறம் பாப்போம்."

திரும்பும் ஜீப்பில் இடம் தாராளமாக இருந்தது. கூடலூரில் இறங்கும்போது வேலுச்சாமி என் தொலைபேசி எண்ணை ஒரு பீடிக்கட்டின் மேல் எழுதித் தரச் சொன்னார். அவர் கூப்பிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விஷு முடிந்த நான்காம் நாள் கூப்பிட்டார். சரோஜினி அம்மாள் சுருளிப்பட்டிக்கு வந்துவிட்டாரா என்று கேட்டேன்.

"இல்ல சார். இன்னும் ஒரு வாரம் இருக்கணுமாம்."

"நீங்கள் தனியாகவா இருக்கிறீர்கள்?"

"நானும் இங்கனதான் கெடக்கேன். கூப்புடப் போனவன் திரும்பல. மச்சானுக்கு மிளகு அள்ளிக் குடுத்துக்கிட்டிருக்கேன். தண்ணி பாய்ச்சப் பக்கத்துக் காட்டுக்காரர்ட்டச் சொல்லியிருக்கேன்."

"பேசுகிறார்களா உங்களோடு?"

"சோறு போடுறா. நேத்து, வெறகு ஈரமா இருக்கு, காஞ்சதா எடுத்துட்டு வாங்கன்னு சொன்னா."

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். என்னைப் பற்றி ஏதாவது சொன்னார்களா?

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்திருக்கலாம்.

"ஒண்ணும் சொல்லல சார்" என்றார்.